ஜன்னலா, நட்சத்திரமா

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. அம்மாவின் தங்கை, என் சித்தி. எதிர்வீட்டு ஆன்ட்டி. அப்பா, நைட் டூட்டி முடித்து வந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தார். நான், நாலாம் வகுப்பு. சித்தியின் வயிற்றில் இரண்டரை மாதத்தில் ஒன்று.

கடைசியில் சொன்னது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அம்மாவுக்கும் சித்திக்கும் மட்டும்தான் தெரியும். லாரியில் போயிருந்த சித்தப்பாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதால் சேர்த்து எழுதுகிறேன்.

எங்களுக்கு அனகாபுத்தூரில் ஆற்றுப் பக்கம் ஒற்றை அறை வீடு. வாசல் வெளிச்சத்தில் சித்தியின் தையல் மிஷின் இருக்கும். கல்யாணத்துக்குக் கொடுத்தது. காலால் மிதிக்கிற மிஷின். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சின பிட்டுத் துணி பம்மலில் மூட்டையாகக் கிடைக்கும். அதை வாங்கி வந்து பை தைப்பார்கள். ஆன்ட்டி வெட்டுவாள். சித்தி தைப்பாள். அம்மா பிசிறு நறுக்கி, இஸ்திரி போட்டு, கைப்பிடிக்குக் கைத்தையல் போடுவாள். மிஷினில் நேராகத் தைக்கத் தெரிந்தது சித்தி ஒருத்திக்குத்தான்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. எந்தப் பைக்கு எந்தத் துணி, மேலே வெட்டி ஒட்டுகிற துணி உருவம் மாங்காயா இலையா என்று நான்தான் சொல்வேன். எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை. ஒரு தடவை பிட்டு மூட்டையில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தேன். அந்தப் பை முதலில் விற்றது. அப்புறம் பழக்கமாகிவிட்டது.

"இவ கை வச்ச பைதான் மொதல்ல போவுது" என்று ஆன்ட்டி தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது. பரவாயில்லை, எனக்குக் கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பையை வாங்கிப் போகிற மேடம் ஒருத்தி இருந்தாள். அந்த ஐப்பசியில் அவள் வந்து ஒரு ஜெராக்ஸ் காகிதம் கொடுத்தாள். வெளிநாட்டில் பச்சைக் குழந்தைகளுக்குப் போர்த்துகிற சின்ன ஒட்டுப் போர்வை. துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். எட்டு வேண்டும். எட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காகிதத்தில் ஆறு மாதிரி இருந்தது. "உங்களுக்கு எது பிடிக்குதோ அதையே பண்ணுங்க. நாளைக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படங்களுக்குக் கீழே இங்கிலீஷில் பெயர் போட்டிருந்தது. நாங்களே வேறு பெயர் வைத்தோம். தண்டவாளம், படிக்கட்டு, காத்தாடி, மிக்சர், ஜன்னல், நட்சத்திரம். மிக்சரைப் பார்த்தாலே பசிக்கிறது என்று ஆன்ட்டி முதலில் அதைத் தள்ளினாள். கடைசியில் ஜன்னலும் நட்சத்திரமும் நின்றன.

"ஜன்னலே போட்டுடலாம்" என்றாள் அம்மா.

"இன்னாக்கா, ஜன்னலு ஜன்னலுன்ற. நாலு சதுரம், நடுவுல கோடு. ஜெயிலு மாதிரி கீது. கொயந்த மேல ஜெயிலப் போத்துவாங்களா?" என்றாள் ஆன்ட்டி.

"சீக்கிரம் முடியும்ல."

"சீக்கிரம் முடிச்சிட்டு இன்னா, கலெக்டர் ஆபீசுக்குப் போவப் போறியா? ஸ்டாரப் போட்டாதான் அந்தம்மா கண்ணுல நிக்கும். அடுத்த ஆர்டரு வரும்." சித்தி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மே. மிதிக்கிறவ நீதான?"

"அக்கா சொல்றதுதான்" என்றாள் சித்தி.

"அப்ப ஒனக்கு வாயி எதுக்கு? தோசை துன்றதுக்கா?"

சித்தி சிரித்தாள்.

"எதுனா ஒண்ணப் போடுங்க. சத்தம் போடாமப் போடுங்க" என்று துண்டுக்கடியிலிருந்து அப்பா சொன்னார்.

அம்மா ஏன் ஜன்னலில் நின்றாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்திக்கு அதற்கு முன்னால் இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டு முறையும் நாள் தள்ளிய உடனே வெளியே சொல்லிவிட்டார்கள். தெருவே வந்து சந்தோஷப்பட்டது. அதே தெரு மறுபடி வந்து துக்கம் விசாரித்தது. இந்த முறை மூன்று மாதம் முடிகிற வரை மூச்சு விடக்கூடாது என்று அம்மா முடிவெடுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் வழக்கமே அதுதான். போன இரண்டு முறை அதை மீறியதால்தான் கண் பட்டது என்பது அம்மாவின் எண்ணம். டாக்டரம்மா மிஷினைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஆர்டரே வேண்டாம் என்றால் ஏன் என்று ஆன்ட்டி கேட்பாள். ஆன்ட்டி நல்லவள். ஆனால் அவள் காதில் ஒன்றைப் போட்டால் சாயங்காலத்துக்குள் பொழிச்சலூர் வரை போய்விடும். அதனால் அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலில் தையல் குறைவு. காரணத்தைச் சொல்ல முடியாமல் சண்டை போட்டாள்.

சண்டை முடியவில்லை. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றாள் அம்மா.

"அம்மன் என்ன சொல்லுதோ அதத் தைக்கலாம்."

"ஒங்க சாமி முன்னால சீட்டுப் போட்டா எங்க சாமி கோச்சிக்காதா?" என்றாள் ஆன்ட்டி. அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள்.

"கொழந்த கையால எடுத்தா எந்தச் சாமியும் கோச்சிக்காது."

சுவரில் ஒரு அம்மன் படம் மாட்டியிருந்தது. சித்திக்காக அம்மா அந்த அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். அம்மனுக்கு விஷயம் தெரியும். அதனால் அம்மன் ஜன்னலைத்தான் எடுத்துக் கொடுக்கும் என்று நம்பியிருக்கிறாள்.

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆன்ட்டி எழுதினால் திருட்டுத்தனம் பண்ணுவாள் என்று அம்மா விளையாட்டாகச் சொன்னாள். என்னை எழுதச் சொன்னாள். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கினேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

முந்தின நாளே அந்த ஜெராக்ஸ் தாளில் நட்சத்திரத்துக்கு மட்டும் கலர் அடித்து வைத்திருந்தேன். நடுவில் சிவப்பு, முனைகளுக்கு மஞ்சள், சுற்றிலும் ஊதா. அதைத் துணியில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இரண்டு சீட்டிலும் நட்சத்திரம் என்று எழுதினேன்.

மடித்தேன். அம்மா டம்ளரில் போட்டுக் குலுக்கிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னாள். மூடிக்கொண்டேதான் எடுத்தேன். அந்த அளவுக்கு ஒழுங்கு. ஆன்ட்டி பிரித்துப் படித்தாள்.

"ஸ்டாரு! பாத்தியாக்கா? ஒங்க சாமியே எங் கட்சி!"

அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மற்றதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மென்றும் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினேன். இன்னொரு சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். சாமி சொன்ன பிறகு யார் கேட்பார்கள்?

அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி போடலாமா என்று யோசித்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். சித்திதான் முடித்து வைத்தாள்.

"சாமியே சொல்லிடுச்சு. வுடுக்கா."

சொல்லிவிட்டு மிஷினுக்கு எண்ணெய் விடப் போனாள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் பூத்திலிருந்து மேடத்துக்குப் போன் பண்ணினாள்.

நட்சத்திரத்தில் முக்கோணம் அதிகம். நூல் அளவு தள்ளித் தைத்தால் முனை மழுங்கிவிடும். மழுங்கினால் சித்தி விட மாட்டாள். பிரித்து மறுபடி தைப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கலர் பார்த்துத் துண்டுகளை அடுக்கி வரிசையாக எடுத்துக் கொடுப்பேன். அவள் மிதிப்பாள். நடுவில் நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அம்மா ஓடி வந்து, "எழுந்திரு, போய்ப் படு" என்பாள். ஆன்ட்டி இருந்தால் அதுவும் சொல்ல மாட்டாள். "டீ போடட்டுமா?" என்று கேட்பாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை அப்படிக் கேட்டாள்.

"என்னாக்கா, டீக்கடை வெச்சிட்டியா?" என்பாள் ஆன்ட்டி.

மூன்றாவது போர்வை முடிந்தபோது சித்தி அதை மடியில் விரித்துப் பார்த்தாள். தடவிக் கொடுத்தாள். "நல்லாத்தாண்டி எடுத்த சீட்டு" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாலாவதில் பாதி தைத்திருந்தாள். விடாமல் மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை லீவு விட்டிருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். சித்தி மிஷினை விட்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு என்னை எதிர்வீட்டுக்குப் போகச் சொன்னாள். நான் கையில் துண்டுகளோடு நின்றேன். போடி என்று கத்தினாள். அப்பா தண்ணீரில் ஓடி மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்து வந்தார். சந்துக்குள் ஆட்டோ வரவில்லை. சித்தியை அப்பாவும் ஆன்ட்டியும் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள்.

நான் ஆன்ட்டி வீட்டில் பன் தின்றுகொண்டு டிவி பார்த்தேன்.

சித்திக்கு வயிற்று வலி என்று எனக்குச் சொன்னார்கள். மூன்றாம் நாள் வந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆன்ட்டி கஞ்சி கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஸ்டாருன்னு வாயத் தொறந்திருப்பேனாக்கா? நானே மிதிச்சிருப்பேனே. கோணையா வந்தாலும் மிதிச்சிருப்பேனே."

"நீ என்னா பண்ணுவ" என்றாள் அம்மா. "நீயா எடுத்த? அதுதான எடுத்துக் குடுத்துச்சு." படத்தைக் காட்டினாள்.

மறுநாள் அம்மா அந்த அம்மன் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். சட்டத்தைத் துடைத்தாள். பொட்டைத் துடைத்தாள். முடிந்து வைத்த காசையும் அதோடு வைத்து ஒரு பையில் போட்டாள். நாங்கள் தைத்த பைதான். கோயில் மரத்தடியில் பழைய சாமி படங்களை வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே கொண்டு போய் வைத்தாள். நானும் கூடப் போனேன். மற்றவர்கள் உடைந்த படத்தை, கரையான் அரித்த படத்தை வைத்திருந்தார்கள். எங்களுடையது நல்லா இருந்தது. அம்மா கும்பிடவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சாகிற வரை அந்த அம்மனுக்கு அவள் விளக்கு ஏற்றவில்லை.

வழியெல்லாம் எனக்குப் பயம். சீட்டு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று. தெரியவில்லை. மாட்டிக்கொண்டது சாமி, நான் இல்லை. வீட்டுக்கு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மிச்சப் போர்வைகளை ஆன்ட்டி தைத்தாள். ஊரெல்லாம் பேசுகிறவள் ஒரு வார்த்தை பேசாமல் தைத்தாள். முனைகள் மழுங்கித்தான் இருந்தன. மேடம் குறை ஒன்றும் சொல்லவில்லை, ரொம்ப அழகு என்றாள். அடுத்த ஆர்டரும் கொடுத்தாள். ஆன்ட்டி சொன்னது சரிதான். அம்மா வாங்கவில்லை.

அதற்குப் பிறகு துணி எடுத்துக் கொடுக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. சித்திக்கு அப்புறம் தங்கவில்லை. மிஷினால் இல்லை, எப்படியும் நின்றிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாராம். அம்மா நம்பவில்லை. சித்தி நம்பினாளா என்று தெரியாது. நான் கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணமாகி நாள் தள்ளியபோது, மூன்று மாதம் வாயைத் திறக்காதே என்றாள் அம்மா. அப்போதுதான் சித்தியின் கதையைச் சொன்னாள். எதற்காக ஜன்னல் என்று சொன்னாள், எதற்காகச் சீட்டு என்று சொன்னாள். "அந்த அம்மன் கண்ண மூடிக்கிச்சு" என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அம்மா இல்லை. சித்தி ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். என் பையனைப் பாதி நாள் அவள்தான் வைத்துக்கொள்கிறாள்.

நானும் இப்போது தையல் கம்பெனியில்தான் மிஷின் ஓட்டுகிறேன். கரன்ட் மிஷின். போன மாதம் எங்களுக்கு ஒரு போர்வை வேலை வந்தது. அதே மாதிரி நட்சத்திரம், ஒரு போர்வையில் பன்னிரண்டு. நாலாம் வகுப்பில் எனக்குத் தைக்கத் தெரியாது. மேடம் கொடுத்த காகிதத்தில் பார்த்தால் ஜன்னலும் நட்சத்திரமும் ஒரே அளவு படம். ஒன்று அழகு, ஒன்று அழகில்லை, அவ்வளவுதான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு அட்டையில் இரண்டையும் வரைந்து, ஒரு போர்வைக்குத் துண்டோடு துண்டு சேர்க்க எத்தனை தையல் என்று எண்ணினேன்.

ஜன்னலுக்கு நாற்பத்தேழு. நட்சத்திரத்துக்கு இருநூற்று மூன்று.