மெரூன் நிறத்துக்கு அடியில் இருந்த கோடு

1. வாயை மூடக் கற்றுக்கொண்டது

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் நெயில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். பெரும்பாக்கம் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். கலர் எடுப்பதற்கு முன் வெறும் நகத்தைப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம். அதன்படி முதல் கஸ்டமரின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தில் ஃபங்கஸ் இருப்பது போலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலமே பார்லருக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு ஆன்லைனில் நாலு வரி எழுதினார்.

ஓனர் ரேகா மேடம் கத்துகிறவர் இல்லை. கருவிகளைத் துடைத்து ஸ்டெரிலைசரில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: “கஸ்டமர் கையப் பாத்து வியாதி பேரெல்லாம் சொல்லாத பரிமளா. நாம என்ன டாக்டரா? அழகா பண்ணி அனுப்பு, போதும்.”

அவர் சொன்னதில் தப்பு இருந்ததாக எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போதும் அவரைக் குறை சொல்ல வரவில்லை. நான் அதை மிக நன்றாகக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

2. நாலு நாள் கடற்கரை

ஜெசிந்தா டீச்சர் பார்லருக்கு முதன்முதலாக வந்தபோது எனக்கு நான்கு வருட அனுபவம் ஆகியிருந்தது. சேலையூர்ப் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதுவரை பார்லர் பக்கமே வராதவர் என்பது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது, எல்லோரும் கோவளம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் நாலு நாள் தங்கப்போகிறோம் என்றார். இருபது வருடமாகக் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஒரு ராத்திரிகூட அலைச் சத்தம் கேட்டுத் தூங்கியதில்லையாம். தங்கையின் கை சினிமாக்காரி கை மாதிரி இருக்கும், பக்கத்தில் சாக்பீஸ் பிடித்துக் காய்ந்துபோன தன் கையை எப்படி நீட்டுவது என்று கேட்டுச் சிரித்தார்.

என்ன போட்டால் தாங்கும் என்று கேட்டார். சாதாரண பாலிஷ் உப்புத் தண்ணீரிலும் மணலிலும் இரண்டே நாளில் நுனியில் பெயர்ந்துவிடும். நகத்தை நீளமாக்கும் எக்ஸ்டென்ஷன் வைத்தால் பழக்கமில்லாதவர் எங்காவது இடித்து உடைத்துக்கொள்வார். அதனால் நகத்தைக் குட்டையாக வெட்டி, முனையை உருட்டி, விளக்குச் சூட்டில் இறுகும் ஜெல் பாலிஷ் போடலாம் என்றேன். லைட் கலர் வேண்டாம், சன்ஸ்கிரீன் பட்டு மஞ்சளாகிவிடும் என்றும் சொன்னேன். இது எல்லாமே சரியான ஆலோசனை. இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

கையைத் துடைத்து, நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூட்டிகிள் தோலைத் தள்ளும்போதுதான் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். நகத்தின் அடியிலிருந்து நுனிவரை, பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. அடியில், நகம் தொடங்கும் தோலிலும் லேசாக அந்தக் கறுப்பு இறங்கியிருந்தது. நான் பார்ப்பதை டீச்சர் கவனித்துவிட்டார். போன வருடம் ஸ்டாஃப் ரூம் கதவில் நசுங்கியது என்றார்.

கதவில் நசுங்கினால் ரத்தம் கட்டும். நகம் வளர வளர அது மேலே நகர்ந்து, கடைசியில் வெட்டுப்பட்டுப் போய்விடும். ஒரு வருடம் கழித்தும் அடியிலிருந்து நுனிவரை கோடாக நிற்காது. இது எனக்குத் தெரியும். வகுப்பில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“இந்தக் கோடு தெரியாம பண்ணிட முடியுமாம்மா? தங்கச்சி எதுக்கெடுத்தாலும் ஃபோட்டோ எடுப்பா” என்று டீச்சர் கேட்டார்.

ரேகா மேடம் அடுத்த நாற்காலியில் இன்னொருவருக்கு ஹேர் கலர் போட்டுக்கொண்டிருந்தார். கேட்கும் தூரம்தான்.

“மெரூன் போட்டா ஒண்ணுமே தெரியாது டீச்சர்” என்றேன்.

பேஸ் கோட், இரண்டு கோட் மெரூன், டாப் கோட். ஒவ்வொன்றுக்கும் விளக்குக்குள் கையை வைத்து எடுத்தோம். முடிந்ததும் பத்து விரலையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு போன இடம் தெரியவில்லை.

3. மூன்று வாரத்துக்கு ஒருமுறை

ரிசார்ட்டிலிருந்து திரும்பிய கையோடு ஃபோட்டோக்களைக் காட்ட வந்தார். அலையில் புடவை நனைய நிற்கிறார், கட்டுமரத்தின் மேல் கை வைத்திருக்கிறார். மெரூன் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னுடைய ரெகுலர் கஸ்டமர் ஆனார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். வகுப்பில் பெண் பிள்ளைகள் ‘மிஸ், செம கலர்’ என்கிறார்கள் என்று சொல்லும்போது முகமே மலர்ந்துவிடும்.

புது ஜெல் போடுவதற்கு முன் பழையதைக் கழற்ற வேண்டும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, ஃபாயில் சுற்றி, கால் மணி நேரம் விட்டுச் சுரண்டி எடுப்போம். அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த வெறும் நகத்தை உலகத்தில் முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். டீச்சர் அந்த நேரம் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். வாரம் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தும் கால்கள் அவருக்கு.

கோடு அகலமானது. பென்சில் கோடாக இருந்தது, கிறிஸ்துமஸ் சமயத்தில் தீக்குச்சி அகலம் ஆகியிருந்தது. ஓரம் நேராக இல்லை. ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த கஸ்டமர் வெளியே காத்திருப்பார். போன தடவை சொல்லாமல் இந்தத் தடவை சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவையை இன்னும் கஷ்டமாக்கியது. பேஸ் கோட்டை எடுத்து மூடிவிடுவேன். அப்படிக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூடினேன்.

4. ஜெல் நிற்காத நாள்

ஒரு சனிக்கிழமை, ஜெல் போட்டுப் பத்து நாள்கூட ஆகாத நிலையில் டீச்சர் வந்தார். கட்டைவிரலில் மட்டும் ஜெல் பெயர்ந்துவிட்டது, ஒட்டிக்கொடு என்றார். கழற்றிப் பார்த்தேன். நகம் நடுவில் பிளந்திருந்தது. பிளவுக்குள் ஈரமாக இருந்தது. பஞ்சில் ரத்தம் ஒட்டியது.

“டீச்சர், இதுல நான் எதுவும் போட மாட்டேன். இன்னிக்கே ஸ்கின் டாக்டர்ட்ட போங்க” என்றேன். ரேகா மேடம் திரும்பிப் பார்த்தார். விரலைப் பார்த்ததும் அவரே என் ஜெல் பாட்டில்களை மூடி ஓரமாக வைத்தார்.

பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறதே என்று டீச்சர் தயங்கினார். அவருடைய கணவர் ஆரோக்கியராஜ் சார் வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்தார். நானே வெளியே போய் அவரிடம் சொன்னேன்.

நகத்தை எடுத்து, சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். நகத்துக்கு அடியில் வந்த புற்றுநோய். கட்டைவிரலை எடுத்தார்கள். அதற்குள் அது அக்குள் வரை போயிருந்தது.

5. ஒன்பது விரல்கள்

நான்கு மாதம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. ஹாலிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். டீச்சர் பாதியாகியிருந்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். நகமெல்லாம் வளர்ந்து துணியில் மாட்டுகிறது, சாருக்கு வெட்டத் தெரியவில்லை, நீ வெட்டிவிடு என்றார். ஆரோக்கியராஜ் சார் நெயில் கட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இடது கையை முடித்துவிட்டு வலது கையை எடுத்தபோது என்னால் முடியவில்லை. முதல் நாளே கோடு சரியில்லை என்று எனக்குத் தெரியும் டீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கும் அப்பப்போ பயமா இருக்கும்மா” என்றார். “ஆனா மாசாமாசம் நீ பாக்குறியே. ஏதாவது இருந்தா நீ சொல்லியிருப்பன்னு நெனச்சேன்.”

மிச்சமிருந்த நான்கு விரலையும் வெட்டி, முனையைத் தேய்த்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்த சாரிடம் கேட்டேன், முன்னாடியே பார்த்திருந்தால் என்று. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சார் அதை என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

ஆடி மாதத்தில் டீச்சர் இறந்துபோனார். சர்ச்சில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் போகாமலே வந்துவிட்டேன். வீட்டில் என் தங்கச்சி சமாதானம் சொன்னாள்: “நீ இன்னாக்கா பண்ணுவ? அது அந்தம்மா கை. அவங்களுக்கே தெரியாதா?” அவளோடு நான் சண்டை போடவில்லை. அவளுடைய பேச்சு எனக்கு உதவவும் இல்லை.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

வேறு தொழில் தெரியாததால் இதில்தான் இருக்கிறேன். இப்போது பொத்தேரியில், காலேஜ் பெண்கள் வரும் ஒரு பார்லரில். யார் வந்தாலும் பத்து நகத்தையும் கலர் இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன். கோடு இருந்தால் சொல்லிவிடுகிறேன். நம் நிறத்துக்காரர்களுக்கு இப்படிக் கோடு வருவது சகஜம், பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். இருக்கட்டும். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியவர் அவர். மூடி அனுப்ப நான் யார்?

சொன்னதற்காகச் சிலர் எழுந்து போயிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் அம்மா, ஒன்றுமில்லாததற்கு மகளைப் பயமுறுத்திவிட்டாய் என்று ஃபோனில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. உன்னால் பிழைத்தேன் என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

நகம் எத்தனை நாள் தாங்கும் என்று கஸ்டமர் கேட்பார். அதைச் சொல்வதற்கு முன், நகத்தில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். நம்முடைய மௌனத்தை அவர்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இத்தனை வருட வேலையில் நான் கற்ற ஒரே பெரிய பாடம் இதுதான். ஜெசிந்தா டீச்சருக்கு இது எந்த வகையிலும் பயன்படவில்லை.