இறக்காத நட்சத்திரம்

இருபது வருடமாக ஸ்ரீரங்கத்தில் இருந்தும் திருச்சி டவுனிலிருக்கும் பாலக்கரையை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். கடந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்க்காரனைப் போல அங்கே நடந்து பார்க்கப் போனேன். மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எதிரே பாய் கடையில் பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். பக்கத்துச் சந்தில் பிள்ளையார் கோயிலை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில், வெளுத்துப்போன கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது.

படம் எடுத்து, ‘பிப்ரவரியிலும் கிறிஸ்துமஸ்!’ என்று எழுதி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்போது அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார்.

“ஸ்டாரையா எடுத்தீங்க?”

“ஆமாங்க. இன்னும் இறக்கலையா?”

“மக குவைத்துல நர்ஸுங்க. கிறிஸ்துமஸுக்கு வரேன்னா, லீவு கிடைக்கல. அப்புறம் பொங்கலுக்குன்னா. அவ பார்க்காம எப்படி இறக்குறது? படம் நல்லா வந்திருக்கா, காட்டுங்க.”

போனை நீட்டினேன். படத்தின் மேலேயே குழுவிலிருந்து ஒரு கேலி வந்து விழுந்தது.

“எழுத்தெல்லாம் கண்ணாடி இல்லாம தெரியாதுங்க. ஸ்டார் நல்லாருக்கு. அவளுக்கு அனுப்பிடுங்களேன்.”

அவர் சொன்ன எண்ணுக்கு அனுப்பினேன். குழுவில் போட்டதை அழித்தேன். அதற்குள் இரண்டு பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இப்போது எந்த வீட்டைப் படமெடுத்தாலும், அந்த வீட்டாரிடம் கேட்காமல் ஒரு வரி எழுதுவதில்லை. பாலக்கரைப் பக்கம் போனால் அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்க்கிறேன், நட்சத்திரம் இறங்கியிருக்க வேண்டுமே என்று. போன வாரமும் தொங்கிக்கொண்டிருந்தது.