மாத்திரையைக் கழற்றி வைத்த மெக்கானிக்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட அத்தான் ஒருநாள் காலையில் ஒற்றைக் காலுறையோடு கட்டிலில் உட்கார்ந்தவர், மத்தியானம் வரை மற்றதை மாட்டவில்லை. அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான். சோம்பேறித்தனம் என்று சொல்ல வந்த உறவுக்காரர்களை அக்கா வாசலோடு அனுப்பிவிட்டாள். ஆனால் என்னிடம், ஆள் கையை விட்டுப் போய்விடுவாரோ என்று அழுதாள்.

அக்கா அழைத்துப்போன மனநல மருத்துவர், இது மனச்சோர்வு நோய் என்று நிதானமாக விளக்கினார். மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி சொல்ல செரட்டோனின் மாதிரி ரசாயனங்களை அனுப்பும். அனுப்பிய அணுவே அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலை மாத்திரை தடுக்கும். செரட்டோனின் குறைந்ததுதான் நோய் என்று அத்தனை எளிதாகச் சொல்லிவிட முடியாது. மாத்திரைக்கு ஏற்ப மூளை மெல்ல மாற வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். அத்தான் தலையாட்டினார். ஆடியது தலை மட்டும்தான்.

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம். புதுப் பாகத்தை மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடவில்லையா, கோளாறு அதில் இல்லை என்று அப்போதே கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்கள். அத்தான் ஒரு வாரம் மாத்திரை போட்டுப் பார்த்தார். மனசு ஓடவில்லை. யாரிடமும் சொல்லாமல் கழற்றிவிட்டார். ஸ்க்ரூடிரைவர் தேடிய அக்காவின் கையில், கழித்துப்போட்ட பாகங்களோடு மாத்திரை அட்டையும் சிக்கியது.

அவள் கத்தவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் பாதியில நின்னுட்டா, உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

அவர் சொன்னார். "கதவை நெம்பாதீங்க, ஆள் வந்துட்டிருக்குன்னு சொல்லுவேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். மாத்திரை மறுபடி தொடங்கியது. வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசவும் ஏற்பாடானது. முதலில் குமட்டல்தான் வந்தது. பிறகு தூக்கம் வந்தது. மனசு மட்டும் ஆடி அசைந்துதான் வந்தது. வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் அக்கா பிடித்தால் உடும்புப் பிடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அறையிலிருந்து வெளியே வந்த அத்தான் நின்று, கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். முகத்தில் பழைய எரிச்சல்.

"இது எத்தனை நாளா இப்படிக் கத்துது? ஒருத்தர் காதுலயும் விழலையா?"

மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த கதவு அது. அவர் எண்ணெய் எடுக்கப் போனார். அக்கா குறுக்கே வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிரம்பியிருந்தது.

"இருங்க. இன்னும் ஒரு தடவை கத்தட்டும்."