கன்னியம்மாளின் காவல் குரல்

கன்னியம்மாளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நான் கால்நடை ஆஸ்பத்திரி காம்பவுண்டர். மருந்தைத் துப்புகிற மாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், சொன்ன பேச்சைக் கேட்காத ஆளைப் பொறுக்க மாட்டேன். அவள் என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை.

1981இல் திருப்பத்தூரிலிருந்து என்னை மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே காட்டிலாகாவின் பழைய கொட்டகை ஒன்றைச் சுற்றி வேலி கட்டி, அடிபட்ட காட்டு உயிர்களை வைத்துக் காப்பாற்றினார்கள். ஊரார் வாயில் அது 'மான் கொட்டாய்'. பேர்தான் மான் கொட்டாய், மான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றபடி கண்ணியில் கால் அறுந்த முள்ளம்பன்றி ஒன்று, இறக்கை ஒடிந்த ஆந்தை ஒன்று, எந்நேரமும் சண்டை போடும் இரண்டு மயில்கள்.

சம்பளக்காரன் நான் ஒருவன்தான். பக்கத்தில் இருந்த ஆறு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு நாள் முறை வைத்து, சும்மாவே வந்து வேலை செய்தார்கள். கோயில் திருவிழாவுக்கு முறை வைப்பார்களே, அதே மாதிரி. முறை தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது. அவர்களில் பெரியம்மாள் முள்ளம்பன்றியைத் திட்டிக்கொண்டே கிழங்கு போடுவாள். கன்னியம்மாளோ என்னைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தீனி போடுவாள்.

"இன்னாங்க காம்பவுண்டரே, ஆந்தைக்கு ஊசி போட்டுட்டு நீங்க கண்ண மூடிக்கிறீங்க? அது பாத்துக்கினு கீது, நீங்க பயந்துக்கினு கீறீங்க!"

கன்னியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். பிள்ளை இல்லை. நாய்கள் தாயைக் கொன்றுபோட்ட புள்ளிமான் குட்டியை மாசி மாதம் மடியில் கட்டித் தூக்கி வந்தவள் அவள்தான். முதல் வாரம் அது பிழைக்காது என்று நான் சொன்னேன். "உங்க வாயில வசம்பு வெச்சித் தேய்க்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டுப்பாலை பாட்டிலில் ஊற்றிப் புகட்டிப் பிழைக்க வைத்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. சாமை கதிர் வாங்கியிருந்தது. கார்த்திகை முதல் தேதி மானைக் காட்டில் விடுவது என்று ரேஞ்சர் தேவராஜ் முடிவு செய்திருந்தார். ஒரு காலை நான் அதை வேலிக்குள் நடக்க விட்டேன். மேல் கொல்லையில் யாரோ காவல் பரண்மேல் நின்று கதிர் தின்ன வரும் கிளியை ஓட்டினார்கள். "ஓ...ஹோ...ஹோய்!"

எந்த மானாக இருந்தாலும் அந்தக் குரலுக்குத் தலைதெறிக்க ஓடும். இதுவோ காதை நிமிர்த்தி, குரல் வந்த பக்கமே ஓடி, வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

"பால் நேரம்னு நெனச்சிக்கிச்சு" என்று கன்னியம்மாள் சிரித்தாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் சாமைக் கொல்லைக்கும் கொட்டாய்க்கும் நடுவில் ஒரே வேலிதான். முறை நாளில் பரணையும் விட முடியாது, பாலையும் விட முடியாது. வேலியோரம் நின்று, வாயால் குருவி ஓட்டிக்கொண்டே கையால் பால் கொடுத்திருக்கிறாள். வாய் சாமைக்கு, கை மானுக்கு! அந்தக் குரல் கேட்டால் பால் வரும் என்று அது பழகிவிட்டது.

"ஏம்மா, உனக்கு அறிவு கீதா? இந்த மலையில எல்லாப் பரண்லயும் இதே கத்துதான கத்தறாங்க? வெளிய போனா எவன் கத்தினாலும் எதிர்ல போய் நிக்கும். அவன் கையில பால் பாட்டிலா இருக்கும்? துப்பாக்கி இருக்கும்!"

அவள் முகம் செத்துப்போனது. ரேஞ்சர் வந்து பார்த்தார். குரலுக்கு வருகிற மானைக் காட்டில் விட முடியாது, ஒன்றாம் தேதியும் இப்படியே இருந்தால் பட்டணத்துக் கூண்டுக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டார்.

"கூண்டு எவ்ளோ பெருசுங்க?" என்று கேட்டாள். கொட்டாய் அளவு என்றார். அவள் கொட்டாயைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.

மறுநாளே ஆறு வீடும் கூடி முடிவு செய்தது. அவள் குரல் கொடுக்க வேண்டும், மான் வந்ததும் எல்லாரும் தகரம் தட்டி மிரட்ட வேண்டும். அப்படித்தான் செய்தோம். மான் மிரண்டது, உடம்பெல்லாம் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே ஓடிப்போய் அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மூன்று நாள் இதே கதை. நாங்கள் எவ்வளவு மிரட்டினோமோ அவ்வளவுக்கு அவளிடம் ஒண்டியது.

"நாங்க தட்டி பிரயோஜனமில்ல. நீதான் வெரட்டணும்" என்றேன்.

"தெரியுது" என்றாள். அவ்வளவுதான்.

அன்று அவளே கத்தினாள். மான் ஓடி வந்தது. மண்கட்டியை எடுத்தாள், எறிய முடியவில்லை. அது கையை முகர்ந்தது. "எறி கன்னியம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். விலாவில் பட்டது. மான் இரண்டடி தள்ளி நின்று, தப்பாக ஏதோ நடந்துவிட்டது போல, மறுபடி அவளிடமே வந்தது. இன்னொன்று எறிந்தாள். அது மூக்கில் பட்டது.

அதன் பிறகு தினம் இரண்டு வேளை கத்துவாள், வந்ததும் எறிவாள். முடிந்ததும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மயில் எச்சத்தைக் கூட்டுவாள். நான் டீ போட்டுக் கொடுத்தால் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கூட்டுவாள். எனக்கும் திட்டுவதற்கு வாய் வரவில்லை.

ஒன்றாம் தேதி வந்தது. காட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தோம். மான் வெளியே இறங்கி, நனைந்த புல்லைக் கடித்தது. ரேஞ்சர் கை காட்ட, கன்னியம்மாள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ஓ...ஹோ...ஹோய்!"

மான் தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்தது. அடுத்த நொடி வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். புதர் ஆடி நின்றது. எல்லாரும் கைதட்டினோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்!

"பாத்தீங்களா காம்பவுண்டரே, ஒரு தபா கூட திரும்பிப் பாக்கல!" என்றாள் பெருமையாக. வழியெல்லாம் பார்த்தவர்களிடம் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள்.

மறு வருஷம் ஐப்பசியில் அவள் கொல்லைப் பக்கம் போனேன். கீழ் ஓரத்தில் நாலைந்து மான்கள் சாவகாசமாகச் சாமையை மேய்ந்துகொண்டிருந்தன. அவள் பரண்மேல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தங்கவேல் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "கேளுங்க சார்! கத்த சொன்னா கத்த மாட்டேங்கறா!"

"ஏம்மா, ஒரு குரல் கொடேன்" என்றேன்.

"அதுல அது கீதோ இல்லியோ" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "இருந்துச்சுன்னா? இன்னும் எவ்ளோ தபாதான் என்னிய கண்டு அது பயப்படணும்?"