நாற்காலிகள் மேலே, துப்பாக்கிகள் அடியில்

என் நண்பன் எழுதிய நாவல் அச்சாகாமல் போனதற்கு நான் எழுதிய ஒரு கடிதம்தான் காரணம். அந்தக் கடிதத்தில் இருந்தது பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அவன் மேல் எனக்கிருந்த பொறாமையைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. முப்பத்தைந்து வருடங்களாக வேறு காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்துவிட்டேன். அகப்படவில்லை.

இருவரும் ராயபுரத்தில் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தோம். நான் கல்லூரிக்குப் போய் வரலாறு படித்து, வரலாற்று விரிவுரையாளராக ஆனேன். அவன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கொஞ்ச காலத்தில் டாலி கிளார்க் ஆனான். கப்பலில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் பக்கத்திலேயே நின்று எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. அவனுடைய அப்பாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்தான்.

அந்த அப்பாவிடம் ஒரு கதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரங்கூனுக்குப் போன ஒரு ராணுவக் கப்பலுக்கு அவர் சரக்கு ஏற்றினாராம். ஏற்ற வேண்டிய சாமான்களின் பட்டியலை ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொண்டுவந்து கொடுத்தார். அதில் மிக முக்கியமானவை முதலில் இருந்தன: இயந்திரத் துப்பாக்கிகள், தோட்டாக்கள், மருந்து. முக்கியம் குறையக் குறைய கீழே இறங்கி, கடைசி வரியில் அதிகாரிகளின் மடக்கு நாற்காலிகளும் கண்ணாடிக் குவளைப் பெட்டிகளும் இருந்தன. அந்த வரிசையிலேயே ஏற்றச் சொன்னார்கள். கப்பலில் முதலில் ஏறுவது அடியில் போகும், கடைசியில்தான் இறங்கும் என்பது துறைமுகத்தில் ஒரு நாள் வேலை பார்த்தவனுக்குக்கூடத் தெரியும். மேஸ்திரி அதை அதிகாரியிடம் சொன்னார். "பட்டியலில் இருக்கிறபடி செய்" என்று பதில் வந்தது. இன்னொரு முறை சொன்னதற்கு மேஸ்திரியின் கன்னத்தில் அறை விழுந்தது. அப்படியே ஏற்றினார்கள்.

அந்தப் படை பர்மாவில் தோற்று ஓடியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தோல்வி தன் கண்ணெதிரே, கப்பல் புறப்படுவதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதுதான் அப்பாவின் கதை. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இரண்டு டம்ளர் உள்ளே போனதும் ஆரம்பித்துவிடுவார். தெருவில் அவரைக் கேலி செய்வார்கள்.

"இன்னா நைனா, நீ மட்டும் அன்னைக்கு மூட்டைய மாத்தி வச்சிருந்தா வெள்ளைக்காரன் ஜெயிச்சிருப்பான்ற?"

"ஜெயிப்பானோ மாட்டானோ, ஒரு வாரம் தாங்கியிருப்பான்டா" என்பார் அவர்.

நானும் அந்தப் போரைப் பற்றித்தான் ஒரு பெரிய நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடங்களாக. தளபதிகளின் தந்திகள், வரைபடங்கள், எந்தப் படைப்பிரிவு எந்தத் தேதியில் எங்கே நின்றது என்று நோட்டு நோட்டாகக் குறித்து வைத்திருந்தேன். பாலைவனப் போருக்குப் பயிற்சி பெற்றவர்களைக் காட்டுக்கு அனுப்பினார்கள், அவர்களில் பலர் காட்டையே பார்த்ததில்லை என்றெல்லாம் எனக்குத் தெரியும். அதையெல்லாம் எழுதியும் இருந்தேன். படித்துப் பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது.

அவன் இரண்டு வருடத்தில் எழுதி முடித்துவிட்டான். துறைமுகத்தில் வீணாய்ப் போன டாலி தாள்களின் பின்பக்கத்தில், கப்பல் வருவதற்குக் காத்திருந்த நேரங்களில் எழுதினான். திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தொழிற்சங்கத்தின் படிப்பகம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். அங்கேதான் அவன் முதல் அத்தியாயத்தைப் படித்தான். துறைமுகம், பட்டியல், மேஸ்திரி வாங்கிய அறை. அடுத்த அத்தியாயத்தில் கப்பல் ரங்கூன் சேர்கிறது. குண்டுக்குப் பயந்து அங்கிருந்த கூலிகள் ஓடிப்போயிருக்கிறார்கள். வானத்தில் எதிரி விமானம் சுற்றும்போது சிப்பாய்கள் தாங்களே கப்பலில் இறங்கி நாற்காலி நாற்காலியாக வெளியே எடுக்கிறார்கள். துப்பாக்கி கிடைப்பதற்கு முன்பே பாதிப் பேரை எல்லைக்கு நடக்கச் சொல்கிறார்கள்.

பீடி பற்றவைக்கப் போன கொல்லுப்பட்டறைக்காரர் ஒருவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் படித்த ஞாயிறுகளில் அவர் இரண்டு பீடி முடித்துவிடுவார்.

என் மனைவியும் அன்று வந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது, "அந்தச் சிப்பாய்ங்களுக்குத் துப்பாக்கி வந்துச்சா? அடுத்தது எப்போ படிப்பாரு?" என்று கேட்டாள். என் நாவலில் அடுத்து என்ன என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று ரயிலில் அவள் பக்கத்தில் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டு வந்தேன்.

எனக்கு இருந்தது என்ன மாதிரி பொறாமை என்று விளக்க வேண்டும். அவனுக்குப் புகழ் கிடைத்துவிடும் என்ற பயம் அதில் குறைவு. நான் பன்னிரண்டு வருடம் எட்டிப் பார்த்தும் கிடைக்காத கதவு, அவன் வீட்டுக்குள்ளேயே திறந்து கிடந்தது. சோறு தின்னும்போது அவன் அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறான். என் அப்பா கோடவுன் கணக்கர். போரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ரேஷன் மட்டும்தான். அப்படி ஓர் அப்பா எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று நாற்பது வயதில் நான் பொருமினேன்.

நகரத்தில் இருந்த ஒரு சிறு பதிப்பகத்தார் நாவலை வாங்கிக்கொண்டார்கள். போடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. வரலாறு சரியாக இருக்கிறதா என்று ஒரு பேராசிரியர் பார்த்துச் சொன்னால் நல்லது என்றார்கள். அவன் என் பெயரைச் சொன்னான். என்னைவிட நம்பிக்கையான ஆள் அவனுக்கு வேறு யார்?

நான் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். போர்க்காலத்தில் ராணுவக் கப்பல்களின் பக்கம் துறைமுகக் கூலிகளை விடவே மாட்டார்கள். ராணுவமே காவல் போட்டு, ராணுவமே சரக்கு ஏற்றியது. ஆகவே முதல் அத்தியாயம் நடந்திருக்க வாய்ப்பில்லாதது. முழு நாவலும் அதன் மேல்தான் நிற்கிறது. இப்படி எழுதிக் கையெழுத்துக்குக் கீழே பட்டத்தையும் போட்டேன். அதை எழுதிய மேசையிலேயே, ஆவணக் காப்பகத்தில் நானே பார்த்து எழுதிவந்த குறிப்பு இருந்தது. அந்தக் கப்பல் போன அதே வருடம், ராணுவக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிய துறைமுகக் கூலிகளுக்கு இரட்டை ஷிப்டு போட உத்தரவிட்ட தாளின் நகல்.

பதிப்பகத்தார் நாவலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு வைத்திருந்த என் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"மெய்யாலுமா சொல்ற? கூலிங்கள வுடவே மாட்டானா?"

"விடமாட்டாங்க."

"அப்ப எங்க நைனா சொன்னது?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "வயசானவங்க யாரோ சொன்னதைக் கேட்டுட்டு, தாங்களே பார்த்த மாதிரி சொல்வாங்க. வேணும்னு சொல்றதில்லை" என்றேன். பெருந்தன்மையாகச் சொல்வதுபோல் சொன்னேன்.

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "தெருவே சிரிச்சிது. நான் ஒருத்தன்தான் நம்பிக்கினு இருந்தேன். அதுக்கோசரந்தான் எழுதுனேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

நான் கெடுத்தது ஒரு புத்தகத்தை மட்டுமல்ல என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் இருந்தேன். என் நாவல் மூன்று வருடம் கழித்து வெளிவந்தது. படிப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அதன் பக்கங்கள் பல வருடம் ஒட்டிக்கொண்டே இருந்தன. அவன் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் நட்பு நிற்கவில்லை. விசேஷங்களுக்குப் போவோம், வருவோம். அவனுடைய அப்பா இறந்தபோது கல்லறை வரை நடந்தேன். அவர் எப்போது அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்தினார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

சென்ற வருடம் கும்மிடிப்பூண்டி ரயிலில் அவனைத் தற்செயலாகப் பார்த்தேன். எண்ணூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தான். இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சட்டைப் பொத்தானைத் திறந்து தழும்பைக் காட்டினான். பேச்சு எங்கெங்கோ போனது. திருவொற்றியூர் நெருங்கும்போது சொன்னான்:

"ஆபரேசனுக்கு மின்ன கல்லறைக்குப் போனேன்டா. நைனாவாண்ட சொல்ட்டேன். நீ சொன்ன பொய்யெல்லாம் மன்னிச்சுட்டேன், நீயும் நான் கோச்சிக்கினத மன்னிச்சுடுன்னு."

அவன் இறங்கிப் போனான். நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பொய் சொல்லாத மனிதருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டிருந்தது. பொய் சொன்னவனிடம் தழும்பைக் காட்டிவிட்டுப் போகிறான்.

மறுநாள் பழைய நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். குறிப்பைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

"இது எப்ப எழுதிக்கினது?"

"அந்தக் கடிதத்துக்கு முன்னாடி."

"அப்ப தெரிஞ்சேதான் எழுதுன."

"ஆமாம்."

"இன்னாத்துக்குடா?"

"பொறாமை."

அவன் சிரித்தான். நான் எதிர்பார்க்கவில்லை. "எம்மேலயா? வாத்தியாரே, ஒனக்கு மாடி வூடு கீது, பட்டம் கீது, பென்சன் கீது. நான் மூட்ட எண்ணிக்கினு இருந்தவன். எங்கிட்ட இன்னா இருந்துது?"

"உங்க நைனா இருந்தார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான். "ஒங் கடிதாசி வந்தப்பவே அவரண்ட போய்க் கேட்டேன்டா. ஏன் நைனா என்னிய இப்பிடி அசிங்கப்படுத்துனன்னு. படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மட்டும் சொன்னாரு." பிறகு வாசலைக் காட்டினான். "எனக்கு சொல்லி இன்னா பண்றது? எங்க அக்காவாண்ட போய்ச் சொல்லு. கடைசி வரைக்கும் நைனாவ வச்சிப் பாத்துக்கினது அதான்."

அக்காவுக்கு எண்பது வயது இருக்கும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்றவர். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார். நான் முழுவதையும் சொன்னேன். அவர் இறாலை உரித்துக்கொண்டே கேட்டார். கை நிற்கவில்லை.

"அதுக்கப்பறம் அவரு ஆர்பர் பேச்சையே எடுக்கல தம்பி. எவனாவது கிண்டினாலும், நான் எங்கடா பாத்தேன், சும்மா சொன்னதுன்னுடுவாரு. பாத்தவரு, பாக்கலன்னு சொல்லிக்கினே செத்தாரு." உரித்ததைத் தண்ணீரில் போட்டார். "அழுவாத. அழுது எனக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல. வர்ற மாசம் அவரு செத்த நாளு பூசை. கோயில்ல பாட்டுப் பூசை முடிச்சிட்டு சொந்தக்காரங்க அல்லாம் வூட்டுக்குத்தான் வருவாங்க. சிரிச்சவங்க, சிரிச்சவங்களோட புள்ளைங்க, அல்லாம். எலை போடறதுக்கு மின்ன எழுந்து நின்னு சொல்லு. சொன்னா சாப்புட்டுப் போ. சொல்லலன்னா வராத."

போனேன். மொட்டை மாடியில் ஷாமியானாவுக்குக் கீழே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எழுந்து நின்றேன். இப்போது எழுதியிருப்பதைவிடச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சொன்னது உண்மை, ஆதாரம் என்னிடம் இருந்தது, நான் மறைத்தேன், பொறாமையால் மறைத்தேன்.

யாரும் கத்தவில்லை. வேட்டி கட்டிய ஒரு கிழவர், பழைய கூலிகளில் ஒருவரின் மகனாம், "த்தூ" என்று மெல்லச் சொன்னார். அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு ஒரு பெண் கேட்டார்: "இன்னா கதை அது? அப்பிடி ஒண்ணு இருந்துச்சுன்னு எங்க மாமியார் சொல்லும். நான் கேட்டதில்ல."

எல்லோரும் என் நண்பனைப் பார்த்தார்கள். அவன் வேண்டாம் என்று கை காட்டினான். அக்கா, "சொல்லுடா. எலை அப்பறம் போட்டுக்கலாம்" என்றார்.

அவன் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தான். நாவலில் இல்லாத ஒன்றைச் சொன்னான். அறை வாங்கிய மேஸ்திரி திரும்பி வந்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு மருந்துப் பெட்டிகளை மட்டும் நாற்காலிகளுக்கு நடுவே செருக அப்பாவிடம் சொன்னாராம். அப்பா செருகினாராம். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கப் போனவர் திறக்கவில்லை. அந்த இரண்டு பெட்டிகளை ஏன் எழுதாமல் விட்டான், எழுதியிருந்தால் அத்தியாயம் எப்படி இருந்திருக்கும் என்று என் மனம் அங்கேயும் கணக்குப் போட்டது. மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அக்கா என் இலையில் தானே பரிமாறினார். அவன் வேறு வரிசையில் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் அவனைப் பார்த்து, நாவலை அச்சிட நான் ஏற்பாடு செய்கிறேன், முன்னுரையில் என் தவறை எழுதுகிறேன் என்றேன். "அதுல ஒம்பேரு வாணாம்" என்றான். பழைய தாள்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டதாகவும் சொன்னான். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது அவன் மறுபடி எழுதுகிறான். எனக்கு அவன் சொல்லவில்லை, அக்கா சொன்னார். எழுதியதை ஓய்வுபெற்ற கிரேன் டிரைவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறானாம். தப்பு இருந்தால் அந்த ஆள் பென்சிலால் சுழிக்கிறாராம். "முன்ன எழுதுனதவிட நல்லா வந்துகினு இருக்குதாம்" என்றார் அக்கா.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது என்ன என்று சொல்லத் தேவையில்லை. சந்தோஷமும் வந்தது. அதற்கு இரண்டு நாள் ஆனது.