மாதா கெபிக்கும் மட்கார்டுக்கும் நடுவே

எங்க வீட்டுக்காரர் மூணு வருஷமா ஷெட்டில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பழைய பிக்கப் வண்டி இன்னைக்கு ஒருவழியாத் தெருவுக்கு வந்துவிட்டது. மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

"இந்த எஞ்சின் ஓடினா, உம் சுரூபத்தை வச்சு வாசல்ல குகை மாதிரி ஒரு கெபி கட்டுறேன் தாயே" என்று போன வருஷம் நேர்ந்திருந்தேன். ஓடியது. கட்டினேன். வண்டிச் செலவு, கெபிச் செலவு இரண்டையும் பைசா விடாமல் எழுதிய நான், வண்டியின் அகலத்தை மட்டும் அளக்கவில்லை.

காலையில் ஷெட்டை விட்டு வந்த வண்டி, கெபிக்கும் மதிலுக்கும் நடுவே நுழைய முடியாமல் நின்றுவிட்டது. பின்சக்கரத்துப் பழைய மட்கார்டுகள் உப்புக்காற்றில் உதிர்ந்துபோனதால், இவர் இப்போதுதான் புதிதாக அடித்து மாட்டியிருந்தார். இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

"ஏளா, கெபியில ஒரு ஓரத்தை இடிச்சாத்தான் முடியும்."

நான் விடவில்லை. "மட்கார்டைக் கழட்டுங்க."

"நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன். கீறல் விழுந்திரும்லா?"

"மாதா வீட்டை இடிக்கலாம், உங்க பெயிண்ட்ல கீறல் விழக்கூடாதோ?"

உதவிக்கு வந்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஸ்பானரை எடுத்துவிட்டார்.

ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நான் கெபியை ஒட்டியே நின்றேன். ஒரு விரல் இடைவெளியில், எதையும் தொடாமல் வண்டி வெளியே போனது. அப்பாடா என்று படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தெருவிலேயே மட்கார்டுகளை மாட்டி, பளபளவென்று துடைத்து, கடற்கரை வரை ஒரு சுற்றுப் போய் வந்தவர் இப்போது வாசலில் ஹார்ன் அடிக்கிறார்.

"ஏளா, கேட்டைத் தொற!"

திறந்துவிட்டேன். அடுத்து என்ன செய்யணும்னு யாராவது அவருக்குச் சொல்லுங்களேன்.