அது நம்ம வண்டி இல்ல

எங்களைக் கூவம் கரையிலிருந்து கிளப்பி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்த பிறகு, அம்மாவுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. பஸ்ஸின் நெற்றியைப் படிக்கிற வேலை. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவரை, மயிலாப்பூரில் வீட்டுவேலைக்குப் போக அவளுக்கு எந்த வண்டியும் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக 'கட்' என்று போட்டிருந்தால், அடையாறோடு இறக்கிவிட்டுவிடுவார்கள். சிவப்பு வண்டியில் 'சொகுசு' என்று எழுதியிருக்கும். அதில் நான் கண்ட சொகுசு, டிக்கெட் விலை கூடுதல் என்பதுதான். முகப்பில் ரோஸ் கலர் அடித்திருந்தால் பெண்களுக்கு டிக்கெட் காசே கிடையாது.

அம்மா ரோஸ் வண்டியில் மட்டும்தான் ஏறுவாள். எங்கள் பிளாக் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். வண்டி முனையில் திரும்பும்போதே யாராவது ஒருத்தி, "நம்மளுது இல்லக்கா" என்பாள். எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

"பொண்ணுக்கு மாப்ள பாக்கறவங்ககூட இவ்ளோ பாக்கமாட்டாங்க" என்று அப்பா கிண்டல் செய்வார். அம்மா சிரித்துக்கொண்டே ஏதாவது திட்டுவாள்.

அப்பா பெயிண்டர். நுரையீரல் கெட்டுப்போய் நகரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தி.நகர் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு நான் கூட இருந்தேன். அம்மா தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் காலை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை உடனே வரச்சொல்லுங்கள் என்றார். அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் ஏற்கெனவே ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே வந்தால் அப்பா கண்ணைத் திறந்து, "உங்கம்மா வந்துட்டாளா?" என்றார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். கதவு அசையும்போதெல்லாம் அதையே கேட்டார். பிறகு கேட்கக்கூட மூச்சு இல்லாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி போன் செய்தேன்.

"இன்னும் பஸ்ஸே வரல கண்ணு, நின்னுகினுதான் கீறேன்" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் "அடையாறு, மயிலாப்பூர்" என்று கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அது இன்னாம்மா அப்போ? ஏறும்மா அதுல!"

"அது செவப்பு வண்டி. நம்ம வண்டி இல்ல." அதையும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

விசில் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது. அம்மா என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, வுட்டுட்டேனே" என்றாள்.

அவளிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் கொடுத்தது இடுப்பில் இருந்தது. கண்ணை மறைக்கும் அழுகையிலும் வண்டியின் நிறத்தை மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறாள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அவள்மேல் கோபப்படவும் மனசு வரவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் மயிலாப்பூர் போய்விடுகிற இடத்தில் இருந்தவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது யார்?

அவள் கஞ்சித் தூக்கோடு ஓடி வந்தபோது, அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக் கேட்டாராடி?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போய்ட்டாரு."

"கேட்டுருப்பாரு" என்றாள் அம்மா. "கேக்காம போவமாட்டாரு."